அத்தை விழுங்கிய காளான்

எங்கள் அத்தை எழுபத்தொரு வயது வரை காளானைத் தொட்டதில்லை. ஐப்பசி மழைக்குப் பிறகு குன்னூர்ச் சரிவுகளில், சீகை மரத்தடியிலும் தேயிலைச் செடிகளின் இடுக்கிலும் முளைக்கும் எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரே பெயர்தான் உண்டு: நாய்க்குடை. பக்கத்திலேயே ஊட்டியின் பெயரால் 'ஊட்டி 1' என்று மொட்டுக்காளான் ரகமே இருக்கிறது. சந்தையில் கண்ணாடித் தாள் சுற்றிய பெட்டிகள் வெள்ளை வெளேரென்று அடுக்கிக் கிடக்கின்றன. அத்தை அவற்றைக் கடக்கும்போது முந்தானையை இழுத்துக்கொண்டு நடப்பார். அப்படிப்பட்டவர் போன ஆண்டு கார்த்திகையில் ஒரு காலை, நான் கொடுத்த காப்பியை ஓரமாக வைத்துவிட்டு, ஜன்னல் விளிம்பில் இருந்த பழுப்பு நிறக் குப்பியிலிருந்து இரண்டு கேப்சூல்களை எடுத்து வெந்நீரில் விழுங்கினார். குப்பியின் மேல் சிவப்பாக, அரக்குப் பூசியதுபோல் மினுங்கும் ஒரு மரக்காளானின் படம் இருந்தது. ரெய்ஷி என்று எழுதியிருந்தது. அதன் கீழே, "பாலிசாக்கரைடு 40 சதவீதம், நோய் எதிர்ப்புச் சக்தியைப் பெருக்கும்" என்ற வரி.

அத்தைக்குப் பதினோரு ஆண்டுகளாக முடக்குவாதம். இது மூட்டுத் தேய்மானம் அல்ல. உடலின் தடைகாப்பு மண்டலமே மூட்டுகளின் உட்சவ்வைப் பகையாக நினைத்துத் தாக்குகிற நோய். அதைத் தணிப்பதற்காகத்தான் வாரம் ஒரு முறை, ஞாயிற்றுக்கிழமை இரவில், மெத்தோட்ரெக்சேட் மாத்திரை போட்டுக்கொள்கிறார். எதிர்ப்பு அளவுக்கு மீறிப்போனதால் நோயாளியான ஒருவருக்கு, எதிர்ப்பைப் பெருக்கும் என்று சொல்லி ஒரு பொருளை விற்றிருக்கிறார்கள். விற்றவர் அந்நியர் அல்ல. அத்தையின் கொழுந்தனார் மகள்தான். ஆளைச் சேர்த்து ஆளைச் சேர்த்து விற்கும் ஒரு நிறுவனத்தில் புதிதாகச் சேர்ந்திருந்த அந்தப் பெண், தன் பெரியம்மாவின் மேல் உண்மையான பாசத்தோடுதான் அந்தக் குப்பியைத் தந்திருக்கிறாள். ஆயிரத்து எண்ணூறு ரூபாயில் நூறு ரூபாய் தள்ளுபடியும் கொடுத்திருக்கிறாள். நான் உயிர்வேதியியல் முதுகலை படித்துவிட்டு, அதற்குச் சம்பந்தமே இல்லாத கணக்கு வேலை பார்ப்பவன். படிப்பைப் பயன்படுத்த வாய்ப்பே கிடைக்காதவனுக்கு இப்படியொரு வாய்ப்புக் கிடைத்தால் என்ன செய்வானோ, அதையே நானும் செய்தேன். பிரசங்கம் தொடங்கினேன். அதில் நான் எங்கே தவறினேன் என்பது பல மாதங்களாக மனத்தை உறுத்திக்கொண்டிருப்பதால்தான் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

தொட்டியும் தகரமும்

"எதிர்ப்புச் சக்தி" என்ற சொல் முன்பும் இருந்தது. ஆனால் 2020-க்குப் பிறகுதான் அது நம் வீட்டுச் சாமான் பட்டியலில் ஏறியது. கபசுரக் குடிநீர் வரிசையில் நின்றபோதும், துத்தநாக மாத்திரை வாங்கியபோதும், நாம் அதை மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியைப் போலவே கற்பனை செய்துகொண்டோம்: குறைந்தால் மோட்டார் போட்டு ஏற்ற வேண்டும், நிறைந்தால் நிம்மதி. அளவு என்ற எண்ணம் வந்துவிட்டால், அதிகம் என்பது எப்போதும் நல்லதாகிவிடுகிறது. உடலுக்குள் அப்படியொரு தொட்டி கிடையாது. அங்கே நடப்பதைச் சொல்ல எனக்குத் தெரிந்த வரையில் எங்கள் மலையிலேயே பொருத்தமான காட்சி ஒன்று உண்டு. இரவில் குடியிருப்புக்குள் கரடி இறங்கினால், முதலில் பார்த்தவர் தகரத்தைத் தட்டுவார். அதைக் கேட்டு அடுத்த வீட்டில் தட்டுவார்கள். கொஞ்ச நேரத்தில் தெருவே விளக்குப் போட்டுக்கொண்டு வெளியே நிற்கும். கரடி போனதும் அடங்க வேண்டும். தட்டத் தெரிந்திருப்பதைப் போலவே அடங்கத் தெரிந்திருப்பதும் அந்தத் தெருவின் சாமர்த்தியம்தான். முடக்குவாதம் என்பது கரடியே வராமல் இரவு முழுக்கத் தகரம் தட்டும் தெரு; அத்தையின் ஞாயிற்றுக்கிழமை மாத்திரை அந்தத் தெருவை அடக்கி உட்கார வைக்கிற ஒன்று.

இந்தக் காட்சிக்குள் காளானின் பாலிசாக்கரைடு, அதாவது சர்க்கரை மூலக்கூறுகள் கோத்த நீண்ட சரம், எங்கே வருகிறது என்றால், கரடி இல்லாமல் கரடியின் ரோமம் மட்டும் வாசலில் கிடப்பதைப்போல வருகிறது. காளானின் செல்சுவரில் இருக்கும் முக்கியமான பாலிசாக்கரைடு பீட்டா குளூக்கான். அது குளூக்கோஸ் மூலக்கூறுகள் கோத்த ஒரு சரம், அவ்வளவுதான். சோற்றில் உள்ள மாவுச்சத்தும் குளூக்கோஸ் சரம். பஞ்சில் உள்ள செல்லுலோஸும் குளூக்கோஸ் சரம். ஒரே மல்லிகையைத் தொடுத்தால் ஒரு மாலை, நெருக்கிக் கட்டினால் வேறொரு மாலை என்பதுபோல, இங்கே பூ ஒன்றுதான், முடிச்சுதான் வேறு. சோற்றின் முடிச்சை நம் எச்சிலே அவிழ்த்துவிடும். பஞ்சின் முடிச்சை நம்மால் அவிழ்க்கவே முடியாது. காளானின் சரத்தில் ஒவ்வொரு குளூக்கோஸும் தன் முதல் கரியணுவால் அடுத்ததன் மூன்றாம் கரியணுவைப் பிடித்திருக்கிறது. இடையிடையே ஆறாம் கரியணுவிலிருந்து கிளைகள் பிரிகின்றன. மனித உடல் இந்த வகைச் சரத்தைத் தானாகச் செய்வதில்லை. ஆகவே அது உள்ளே தென்பட்டால், பூஞ்சை எதுவோ நுழைந்திருக்கிறது என்றுதான் உடல் எடுத்துக்கொள்கிறது.

அந்த முடிச்சைத் தடவிப் பார்த்துத் தெரிந்துகொள்ளும் கை ஒன்று நம் வெள்ளையணுக்களில் இருக்கிறது. டெக்டின்-1 என்று பெயர். அதுதான் பீட்டா குளூக்கானின் ஏற்பி என்று கோர்டன் பிரவுனும் சியாமன் கோர்டனும் 2001-இல் காட்டினார்கள். பெருவிழுங்கி செல்களிலும் நியூட்ரோபில்களிலும் கிளைச்செல்களிலும் அது இருக்கிறது. பீட்டா குளூக்கான் துணுக்கு வந்து ஒட்டியதும் செல் அதை விழுங்கப் பார்க்கிறது. கூடவே சைட்டோகைன்கள் என்ற செய்தி மூலக்கூறுகளை வெளியே அனுப்புகிறது. அவற்றில் ஒன்று டிஎன்எஃப். முடக்குவாதத்துக்கு இன்று போடப்படும் விலையுயர்ந்த ஊசிகளில் பல, இந்த டிஎன்எஃபைப் பிடித்து முடக்குவதற்காகவே உருவாக்கப்பட்டவை என்பதை நினைத்துப் பார்த்தால், எனக்கு ஏன் பதற்றம் வந்தது என்று புரியும்.

ஒன்றை இங்கே சொல்லாமல் போக மனமில்லை. படத்தில் அரக்குப் பூசிக்கொண்டு நிற்கும் அந்தக் காளானின் இனம் கானோடெர்மா. சீனத்திலும் ஜப்பானிலும் நீண்ட ஆயுளின் சின்னமாக அது போற்றப்பட்டு வந்திருக்கிறது. அதே இனத்தைத் தஞ்சாவூர்த் தென்னை விவசாயி ஒருவரிடம் காட்டினால் கையெடுத்துக் கும்பிட மாட்டார். 1952 புயலுக்குப் பிறகு அந்தப் பக்கத்தில் தலைகாட்டி, தஞ்சை வாடல் நோய் என்று அந்த மாவட்டத்தின் பெயரையே எடுத்துக்கொண்ட அடித்தண்டழுகலுக்குக் காரணம் கானோடெர்மாதான். மரத்தடியில் செந்தவிட்டு நிறச் சாறு கசியும். பிறகு அடியிலேயே அந்தப் பளபளக்கும் தட்டு முளைக்கும். மரத்துக்கு ஐந்து கிலோ வேப்பம்பிண்ணாக்கு வைத்தும் போர்டோ கலவை ஊற்றியும் அதோடு போராடுகிறார்கள். தென்னைக்கு எமன் மனிதனுக்கு அமிர்தமாக இருக்கக் கூடாது என்றில்லை. ஆனாலும் அந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குத் தென்னந்தோப்புதான் ஞாபகம் வருகிறது.

ஜப்பானில் நடந்தது

காளான் மருத்துவம் வெறும் புரளி என்று ஒதுக்கிவிடுவது எளிது, நியாயமும் ஆகாது. 1969-இல் கோரோ சிஹாராவும் அவருடைய குழுவினரும், ஷிடாகே காளானிலிருந்து பிரித்த பாலிசாக்கரைடுகள் எலிகளில் சார்கோமா 180 என்ற கட்டியின் வளர்ச்சியைத் தடுத்ததாக 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். அவற்றில் ஒன்றான லென்டினான், இரைப்பைப் புற்றுநோய்க்குக் கீமோதெரபியோடு சேர்த்துப் போடும் ஊசி மருந்தாக 1985-இல் ஜப்பானில் அனுமதி பெற்றது. அதற்கு முன்பே, 1977-இல், வான்கோழி வால் போல வரிவரியாக விரியும் மரக்காளானிலிருந்து எடுத்த பிஎஸ்கே என்ற, புரதத்தோடு பிணைந்த பாலிசாக்கரைடு அங்கே வாய்வழி மருந்தாகியிருந்தது. 1994-இல் 'லான்செட்' மருத்துவ இதழ் வெளியிட்ட ஆய்வில் 262 பேர் இருந்தார்கள். எல்லோரும் இரைப்பைப் புற்றுக்காக அறுவை செய்துகொண்டவர்கள். கீமோதெரபியோடு பிஎஸ்கே-யும் சேர்த்துக் கொண்டவர்களில் 73 சதவீதம் பேர் ஐந்தாண்டுகள் உயிரோடிருந்தார்கள். கீமோதெரபி மட்டும் பெற்றவர்களில் 60 சதவீதம். இதைப் படித்துவிட்டு அலட்சியமாகத் தோளைக் குலுக்க என்னால் முடியவில்லை.

ஆனால் இந்த எண்களை வைத்துக்கொண்டு குன்னூர் ஜன்னல் விளிம்பில் இருக்கும் குப்பி வரைக்கும் நடந்துவர முடியாது. அங்கே கொடுக்கப்பட்டது தரம் பிரித்த ஒரு மருந்து. கொடுத்தவர்கள் புற்றுநோய் மருத்துவர்கள். கொடுத்ததும் வேறு சிகிச்சைக்குத் துணையாகத்தான். ரெய்ஷியைப் பொறுத்தவரை, 2012-இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் குழுவினர் புற்றுநோயாளிகளிடம் நடந்த ஐந்து ஆய்வுகளை, மொத்தம் 373 பேரை, ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள். கீமோதெரபியோடோ கதிர்வீச்சோடோ சேர்த்துக் கொடுத்தபோது கொஞ்சம் பலன் தெரிந்தது. காளானை மட்டும் தனியாகக் கொடுத்தபோது அந்தப் பலன் இல்லை. முதல்நிலை மருந்தாகப் பரிந்துரைக்கப் போதிய சான்று இல்லை என்று முடித்தார்கள்.

வாயால் உண்பதற்கும் ஊசியாகச் செலுத்துவதற்கும் உள்ள தூரமும் சிறியதல்ல. உண்ட பீட்டா குளூக்கான் குளூக்கோஸாக உடைந்து இரத்தத்தில் கலப்பதில்லை. குடலில் அதை நுண்ணுயிர்கள் நொதிக்க வைக்கின்றன. கொஞ்சத்தைக் குடல் சுவரில் காவலிருக்கும் செல்கள் எடுத்துக்கொள்கின்றன. எலிகளில் அந்தத் துணுக்குகளைப் பெருவிழுங்கிகள் எலும்பு மஜ்ஜை வரைக்கும் சுமந்து போனதைப் பார்த்திருக்கிறார்கள். இதற்கு மேல், டெக்டின்-1 துணுக்காக வரும் பீட்டா குளூக்கானுக்குத்தான் விழித்துக்கொள்கிறது, நீரில் முழுக்கக் கரைந்த சரம் வந்து ஒட்டினாலும் அது தகரத்தைத் தட்டுவதில்லை என்று 2011-இல் தெரியவந்தது. ஆகவே, பாலிசாக்கரைடு எவ்வளவு என்ற கேள்வியை விட எந்த முடிச்சு, எவ்வளவு பெரிய துண்டு, எந்த வழியாக உள்ளே போனது என்ற கேள்விகள்தான் முன்னே நிற்கின்றன. ப்ளோரிடாவில் 52 ஆரோக்கியமானவர்கள் நான்கு வாரம் தினமும் ஐந்து அல்லது பத்து கிராம் உலர்ந்த ஷிடாகே சாப்பிட்ட ஆய்வு ஒன்று 2015-இல் வெளியானது. அவர்களிடம் டி செல்கள் என்ற வெள்ளையணுக்களில் ஒருவகை பெருகின, எச்சிலில் ஐஜிஏ எதிர்ப்பொருள் கூடியது. அதே நேரம் அழற்சியைக் காட்டும் சிஆர்பி குறைந்தது. இரண்டு குழுக்களுமே காளான் சாப்பிட்டவைதான் என்பதால் இதிலிருந்து அதிகம் கறக்கக் கூடாது. ஆனால் என் கரடி ரோம உவமையை இது கொஞ்சம் சங்கடப்படுத்துகிறது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்: சாப்பிட்ட காளான் தெருவை எழுப்பவும் செய்தது, ஏதோ ஒரு விதத்தில் சமாதானமும் செய்தது.

எழுந்தவர்கள் உடனே பழைய உறக்கத்துக்குத் திரும்புவதில்லை என்பது இதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ஒரு முறை கரடியைப் பார்த்த தெருவில் பல வாரங்களுக்கு யாரும் ஆழ்ந்து தூங்க மாட்டார்கள் அல்லவா? மிஹாய் நேட்டேயா என்ற ஆய்வாளரும் அவருடன் இருந்தவர்களும் 2011-இல் இதற்குப் 'பயிற்சி பெற்ற தடைகாப்பு' என்று பெயர் சூட்டினார்கள். நினைவாற்றல் இல்லை என்று நாம் பாடப்புத்தகத்தில் படித்த பிறவித் தடைகாப்புச் செல்களும், பீட்டா குளூக்கானையோ நம் எல்லோர் கையிலும் தழும்பாக இருக்கிற பிசிஜி ஊசியையோ ஒரு முறை சந்தித்த பிறகு, அடுத்த முறை வேறு எதிரி வந்தாலும் வேகமாகச் செயல்படுகின்றன; மரபணு மாறுவதில்லை, எந்த மரபணுக்கள் திறந்து கிடக்க வேண்டும் என்ற ஏற்பாடு மாறிவிடுகிறது. குன்னூர்க்காரர்களுக்கு இதில் வியப்பு இருக்கக் கூடாது. 1907 முதல் இங்கே தடுப்பூசிகளுக்குப் பேர்போன பாஸ்டர் நிலையம் இருக்கிறது. முத்தடுப்பு ஊசியில் கிருமியின் கூறோடு அலுமினிய உப்பையும் சேர்ப்பது எதற்காக? வெறும் அடையாளத்தைக் காட்டினால் உடல் அசட்டையாக இருந்துவிடும், கூடவே கொஞ்சம் தகரச் சத்தமும் வேண்டும் என்பதற்காகத்தான்.

கியோட்டோ எலிகள்

அத்தையிடம் நான் பிரயோகித்த பெரிய ஆயுதம் ஒரு எலிக் கதை. ஷிமோன் சகாகுச்சி, தடைகாப்பை அடக்கிவைக்கும் செல்களைக் கண்டதற்காக 2025-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர். கியோட்டோவில் அவருடைய குழு எஸ்கேஜி என்ற ஒரு எலி வகையை ஆராய்ந்தது. ஒரே ஒரு மரபணுவில் பிழை உள்ள அந்த எலிகளுக்கு முடக்குவாதம் போன்ற மூட்டு நோய் வரும். ஆனால் கிருமிகள் அண்டாத சுத்தமான கூண்டில் வளர்த்தால் வராது. அந்தச் சுத்தமான எலிகளுக்குப் பூஞ்சையின் பீட்டா குளூக்கானை ஊசியாகச் செலுத்தியதும் மூட்டுகள் வீங்கின. டெக்டின்-1-ஐத் தடுத்தபோது வீக்கமும் தடைபட்டது. 2005-இல் வெளியான இந்த ஆய்வை நான் அத்தைக்கு மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் மூன்று விதமாகச் சொன்னேன். அவர் பீன்ஸ் நார் உரித்துக்கொண்டே கேட்டார். கடைசியில், "அந்த எலிங்களுக்கு ஊசி போட்டாங்க, நான் முழுங்குறேன். அதுங்க பிறக்கறப்பவே கோளாறு. நான் அப்படியா கண்ணு?" என்றார். பதில் சொல்லத் தடுமாறினேன். ஆய்வின் வரம்புகளை ஒரு தேர்ந்த விமர்சகரைப்போல இரண்டே வரியில் சொல்லிவிட்டார். நான் அந்த வரம்புகளைச் சொல்லாமல் மறைத்திருந்தேன்.

இதற்கிடையே அவருடைய விரல் கணுக்கள் வீங்கத் தொடங்கியிருந்தன. மார்கழிக் குளிரில் கையை மடக்க முடியவில்லை. காலையில் விறைப்பு விலக இரண்டு மணி நேரம் ஆனது. சிஆர்பி 48 என்று வந்தது. ஆறு மாதத்துக்கு முன்பு அது 6. எனக்கு வருத்தத்தைவிடச் சற்று முன்னால் வெற்றி உணர்ச்சி வந்தது என்பதை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. பீட்டா குளூக்கான் டெக்டின்-1-ஐத் தட்டியது, டிஎன்எஃப் சுரந்தது, மூட்டு வீங்கியது. தாளில் போட்ட கணக்கு விரலில் சரியாக வந்துவிட்டது.

மூன்று சாசர்கள்

என் நண்பர் ஒருவர் அரசு மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் ஆசிரியர். அவரிடம் இந்தக் கதையைச் சொன்னபோது அவர் எலியைப் பற்றியோ டெக்டினைப் பற்றியோ ஒன்றும் கேட்கவில்லை. "அந்த 40 சதவீதப் பாலிசாக்கரைடு எந்தப் பாலிசாக்கரைடு?" என்று மட்டும் கேட்டார். மாவுச்சத்தும் பாலிசாக்கரைடுதானே என்றார். காளானை முழுதாக வளர்த்து அதன் குடையைப் பறித்து அரைப்பதற்கு மாதங்கள் ஆகும். அரிசியிலோ ஓட்ஸிலோ காளானின் இழைகளைப் படரவிட்டு, தானியத்தோடு சேர்த்துக் காயவைத்துப் பொடிப்பதற்குச் செலவு குறைவு. அப்படிப் பொடித்ததில் பாலிசாக்கரைடு நிறைய இருக்கும். அதில் பெரும்பங்கு அரிசியுடையதாக இருக்கும். வீட்டுக்கு வந்து குப்பியை மறுபடி எடுத்துப் பார்த்தேன். பின்பக்கத்தில், பூதக்கண்ணாடி கேட்கும் எழுத்தில், "மைசீலியம் பயோமாஸ்", அதாவது காளான் இழைத் திரள், என்று இருந்தது. பீட்டா குளூக்கான் என்ற சொல் எங்குமே இல்லை.

நண்பர் கொடுத்தனுப்பிய அயோடின் கரைசல் ஒரு சிறு பழுப்புச் சீசாவில் இருந்தது. அத்தையின் சமையலறை மேடையில் மூன்று சாசர்களை வைத்தேன். முதலாவதில் ஊட்டி உருளைக்கிழங்கின் ஒரு வில்லை; எட்டாம் வகுப்புச் சோதனை, எல்லோரும் செய்ததுதான். இரண்டாவதில் சந்தையில் வாங்கி, அடுப்படியில் இரண்டு நாள் உலர்த்தி, அம்மிக்குழவியால் நசுக்கிய மொட்டுக்காளான் பொடி. மூன்றாவதில் ஒரு கேப்சூலைத் திருகிக் கொட்டிய, சந்தன நிறத் தூள். ஒவ்வொன்றிலும் இரண்டு சொட்டு வெந்நீர், ஆறிய பிறகு ஒரு சொட்டு அயோடின். உருளைக்கிழங்கு சொட்டு விழுந்த இடத்தில் கறுத்தது. காளான் பொடி கஷாயம் சிந்தியதுபோல் பழுப்பாகவே நின்றது. கேப்சூல் தூள் முதலில் ஒன்றும் ஆகாததுபோல் இருந்து, பிறகு ஓரத்திலிருந்து உள்நோக்கி, புதுப் பேனா மை ஊறுவதைப்போல் கருநீலமாகிக்கொண்டே வந்தது. சாசரைச் சாய்த்தபோது உருளைக்கிழங்கின் நிறத்துக்கும் அதற்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

அத்தை பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. "மாவா?" என்றார். மாவு இருக்கிறது என்பதை மட்டும்தான் இந்த நிறம் சொல்லும், எத்தனை பங்கு மாவு என்று சொல்லாது, காளானும் கொஞ்சம் இருக்கலாம் என்றேன். இந்த முறையாவது வரம்பைச் சொல்லித் தொலைத்தேன். அவர் அதைக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. அலமாரியின் மேல்தட்டிலிருந்த தேயிலைத்தூள் டப்பாவை, வீங்கிய விரல்களால் மூடியைத் திறக்க முடியாமல், என்னிடம் நீட்டினார். உள்ளே தேயிலைக்கு மேலே, ரப்பர் பேண்டு போட்டுக் கட்டிய மெத்தோட்ரெக்சேட் அட்டைகள் இருந்தன. ஒன்றுகூடக் கிழிக்கப்படவில்லை. ஏழு வாரமாக அவர் அந்த மாத்திரையைப் போடவில்லை. "இங்கிலீஷ் மருந்து ஈரலைக் கெடுக்கும், இதைச் சாப்பிடுறப்ப அது வேண்டாம்னு அவ சொன்னா. உன்கிட்ட சொன்னா நீ எலிக் கதையை மறுபடி ஆரம்பிப்பே."

நான் அந்த மேடையின் மேலேயே சாய்ந்து நின்றுகொண்டேன். மூன்று வாரம் நான் வாதாடியது ஒரு மூலக்கூறுக்கு எதிராக. அந்த மூலக்கூறு குப்பிக்குள் குறிப்பிடும்படி இருந்ததா என்பதே சந்தேகம். விரலில் சரியாக வந்துவிட்டதாக நான் நினைத்த கணக்குக்கு, ஏழு வாரம் மருந்தை நிறுத்தினால் முடக்குவாதம் திரும்பும் என்ற, எந்த மருந்துக்கடைப் பையனும் சொல்லக்கூடிய காரணமே போதும். "அத்தை, ஞாயிற்றுக்கிழமை மாத்திரையை ஒழுங்காகப் போடுறீங்களா?" என்ற ஒரு கேள்வியை நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. கேட்காததற்குக் காரணம் மறதியல்ல. என்னிடம் அதைவிடச் சுவாரசியமான விடை தயாராக இருந்தது.

கஷாயமும் சூரணமும்

பிறகு அந்தக் குப்பியை வைத்துக்கொண்டு நிறைய யோசித்திருக்கிறேன். உள்ளே மாவுக்குப் பதில் உண்மையான ரெய்ஷியே இருந்திருந்தாலும், அத்தைக்கு அது எந்த அளவு எட்டியிருக்கும்? காளானின் செல்சுவரில் பீட்டா குளூக்கான் கைட்டினோடு பின்னிக் கிடக்கிறது. நண்டு ஓட்டில் இருக்கும் அதே கைட்டின். அதை நம் வயிறு சுலபமாக உடைக்காது. அதனால்தான் கிழக்காசியாவில் அந்தக் கட்டைபோன்ற காளானை மணிக்கணக்கில் கொதிக்க வைத்துக் குடித்தார்கள். இன்றைய ஆய்வகங்களும் பாலிசாக்கரைடை வெந்நீரில்தான் பிரிக்கின்றன. அதன் கசப்புக்குக் காரணமான டிரைடெர்பீன்கள் வெந்நீரைவிடச் சாராயத்தில் நன்றாக இறங்கும். எதைக் கஷாயமாக வைக்க வேண்டும், எதைச் சூரணமாக இடிக்க வேண்டும் என்று நம் சித்த மருத்துவர்கள் தனித்தனியே சொல்வதற்கும் பொருள் இருக்கிறது. கேப்சூலுக்குள் போய்விட்டால் எல்லாமே ஒரே பொடியாகிவிடுகிறது.

இன்னொரு பக்கமும் மனத்தில் இருக்கிறது. தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் இரத்தத்தில் பீட்டா குளூக்கான் இருக்கிறதா என்று ஒரு சோதனை செய்வார்கள். இருந்தால், பூஞ்சைத் தொற்று உடலுக்குள் பரவியிருக்கலாம் என்று ஐயப்படுவார்கள். 2021-இல் நம்மைக் கதிகலக்கிய கருப்புப் பூஞ்சை அந்தச் சோதனையில் அகப்படாது, ஏனென்றால் மியூக்கர் வகைப் பூஞ்சைகளின் சுவரில் அந்தச் சரம் மிகக் குறைவு. குப்பியின் மேல் சத்தாக அச்சடிக்கப்படுகிற அதே பொருள், ஆய்வகத் தாளில் அபாயக் குறியாக அச்சாகிறது. இரண்டும் பொய்யல்ல; குடலுக்குள் இருக்கிறதா, குருதிக்குள் இருக்கிறதா என்பதுதான் வித்தியாசம். சிறுநீரகம் மாற்றிக்கொண்டவரும், அத்தையைப்போல் தன் மூட்டையே தாக்கும் உடலோடு வாழ்பவரும் எதிர்ப்புச் சக்தி என்ற சொல்லைக் குப்பியில் பார்த்தால், வாங்குவதற்கு முன் தங்கள் மருத்துவரிடம் அதை எடுத்துப்போய்க் காட்ட வேண்டும் என்பதில் மட்டும் என் கருத்து மாறவில்லை. எலிக் கதையை நான் இன்றும் நம்புகிறேன். அதை அத்தையின் விரலுக்குச் சாட்சியாக நிறுத்தியதைத்தான் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

தை பிறந்ததும் கோயம்புத்தூருக்கு அழைத்துப் போனேன். மருத்துவர் குப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், எடுத்து மேசைக்கு அப்பால் வைத்தார், ஈரல் சோதனை எழுதினார். மெத்தோட்ரெக்சேட்டை மறுபடி தொடங்கச் சொன்னார். முழுப் பலன் தெரிய ஆறிலிருந்து பன்னிரண்டு வாரம் ஆகும், அதுவரை பொறுக்க வேண்டும் என்றார். வாரத்துக்கு ஒரு முறை என்பதை, நாளுக்கு ஒரு முறை என்று யாராவது மாற்றிப் புரிந்துகொண்டு ஆபத்தில் விழுவதை அவர் பார்த்திருக்கிறார் போலும். "ஞாயிறு மட்டும்" என்று சீட்டில் இரண்டு முறை கோடிட்டார். அத்தை புறப்படும்போது, காளானைக் குழம்பு வைத்துச் சாப்பிடலாமா என்று கேட்டார். தாராளமாகச் சாப்பிடலாம், நன்றாக வேகவைத்து, என்றார் அவர்.

கொழுந்தனார் மகளுக்கு நான் எதுவும் சொல்லவில்லை. அவளும் அதே குப்பியிலிருந்து தினமும் இரண்டு சாப்பிடுகிறாள் என்று பிறகு தெரிந்தது. அத்தைதான் ஒரு நாள் அவளை வீட்டுக்கு அழைத்து, மிச்சமிருந்த அயோடினையும் ஒரு சாசரையும் முன்னால் வைத்திருக்கிறார்.

சிவராத்திரி முடிந்த வாரத்தில் ஊட்டிச் சந்தையிலிருந்து இரண்டு பெட்டி மொட்டுக்காளான் வாங்கிப்போய், தேங்காயும் மிளகும் அரைத்துவிட்டுக் குழம்பு வைத்தேன். விரல்களின் வீக்கம் பாதி வடிந்திருந்தது. அத்தை தானே தட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஒரு காளானை விரலால் அமுக்கிப் பார்த்தார், முகர்ந்தார். "என்ன இருந்தாலும் நாய்க்குடைதானே" என்று சொல்லி அதைத் தட்டின் ஓரத்துக்கு ஒதுக்கிவிட்டு, குழம்பை மட்டும் ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டார். ஞாயிற்றுக்கிழமை அது. சாப்பிட்டு முடித்ததும் தேயிலைத்தூள் டப்பாவை என்னிடம் நீட்டினார். மூடியைத் திறக்க விரல்கள் இன்னும் ஒத்துழைக்கவில்லை.